பச்சைக் கட்சியின் கதை சொல்ல, மல்வேர்னிலிருந்து யூனியன் வரை

இந்த வலைப்பக்கத்தில் இதுவரை மலை, கடல், கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். சென்ற வாரம் ஒரு வாசகர், அகதி விசாரணைக்கு முதல்முறை போகிறேன், என்ன கொண்டுபோவது, எப்படிப் போவது என்று கேட்டிருந்தார். நானும் ஒருகாலத்தில் போனவன்தான். ஆகவே என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் பயந்த பயணத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான் குடியிருந்த மல்வேர்னிலிருந்து நகர நடுவிலுள்ள யூனியன் ரயில் நிலையம் வரை, தூரம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். செலவு, அப்போது போகவும் வரவும் நான்கு டொலர்.

அது 1994 நவம்பர் கடைசி. இலங்கையைப் பதினேழு வருடம் தொடர்ந்து ஆண்ட கட்சி அந்த ஆண்டுதான் தோற்றிருந்தது. ஊரில் அதன் பெயரை உரக்கச் சொல்லமாட்டோம், கொடியின் நிறத்தை வைத்துப் 'பச்சை' என்போம். அவர்கள் ஆட்சியில் அரசாங்க வேலை வேண்டுமென்றால் கட்சியின் தொகுதி அமைப்பாளரின் கடிதம் வேண்டும். கடிதம் வேண்டுமென்றால் கட்சி அட்டை வேண்டும். நான் இரண்டையும் எடுத்து அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஆனேன். பிறகு ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கை ஓங்கியது. அமைப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்கு ஓடினார். அங்கத்தவர் பெயர்ப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று ஒருவருக்கும் தெரியாது. பச்சைக்காரன் என்று வெளியே தெரிந்தால் இயக்கத்திடம் துரோகிப் பட்டம் நிச்சயம், குடும்பத்தையும் விடமாட்டார்கள். நான் தப்பி வந்துவிட்டேன். அம்மாவும் தங்கச்சியும் எங்கள் ஊர் அளவெட்டியிலேயே இருந்தார்கள்.

கட்சி அட்டையை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் நியமனக் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். முத்திரை குத்திய காகிதமென்றால் நம்மவர்களுக்கு உயிர் அல்லவா? அடையாளத்துக்கு உதவும் என்று அதைக் கோப்பில் சேர்த்துக் கொடுத்தேன். படிவத்திலோ, எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை என்று எழுதியிருந்தேன். நியமனக் கடிதத்தின் அடியில் அமைப்பாளரின் சிபாரிசு ஒரு வரியில் இருந்ததை நான் மறந்தே போனேன். விசாரணைக்கு ஒரு வாரம் முன்புதான் என் சட்டத்தரணி அதைக் கண்டுபிடித்தார். கட்டாயம் கேட்பார்கள், மறைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உள்ளதைச் சொல் என்றார். சொன்னால் அது அறையை விட்டு வெளியே போகாதா என்று கேட்டேன். போகாது என்றார். அவருக்கு நம் ஆட்களைத் தெரியாது, இங்கே ஒருவர் காதில் விழுந்தால் அங்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

காலை 6.50க்கு நீல்சன் பஸ்ஸில் ஏறினேன். அந்தக் காலத்தில் சில்லறையாக இரண்டு டொலர் கையில் இருக்கவேண்டும், சாரதி மீதி தரமாட்டார். அதே கட்டணத்தில் ரயிலுக்கு மாற, ஏறியதும் ட்ரான்ஸ்பர் சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். நான் வாங்கிய சீட்டை உள்ளங்கையில் பொத்தி வைத்தே கூழாக்கிவிட்டேன். 7.25க்கு ஸ்காபரோ சென்ரர். அங்கிருந்து கெனடி வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. அதில் என் பக்கத்தில் கோட் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும், மடியில் ஒரு தோல்பை.

"தம்பி தமிழோ?"

"ஓம் அண்ணை."

"ஊரில எவடம்?"

நம்மவர் இருவர் சந்தித்தால் இரண்டாவது கேள்வி இதுதான். பெயரைக்கூடப் பிறகுதான் கேட்பார்கள். உண்மையான ஊரைச் சொன்னால் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார். "மானிப்பாய்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மானிப்பாயில எவடம்?"

"கோயிலடி." எந்த ஊருக்கும் ஒரு கோயிலடி இருக்கும்.

"இப்ப வேலைக்கோ போறீர்?"

"இல்லை அண்ணை, வேலைக்கு இன்ரவியூ ஒண்டு."

"நல்லது, நல்லது. பயப்பிடாமல் கதையும்" என்றார்.

கெனடியில் இறங்கியதும் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் புகுந்து, சுரங்க ரயிலில் அவர் ஏறாத வேறு பெட்டியில் ஏறினேன். யங் வீதியில் ரயில் மாறி, யூனியனில் இறங்கும்போது மணி 8.25. அங்கிருந்து விசாரணைக் கட்டடத்துக்கு ஐந்து நிமிட நடை. ஒன்பது மணிக்கு அறைக்குள் போனபோது, மேசையின் பக்கவாட்டில் அதே தோல்பை இருந்தது. என் மொழிபெயர்ப்பாளர் அவர்தான்.

காட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் கோப்பில் ஊர் அளவெட்டி. அவரிடம் நான் சொன்னது மானிப்பாய். இனி பச்சைக் கட்சிக் கதையையும் அவர் வாயாலேயே சொல்லவேண்டும். விசாரணை செய்த அம்மையார் முதலில் அவரைப் பார்த்து, இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். காலையில் ரயிலில் கண்டேன், வழக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை என்றார் அவர். அம்மையார் தலையாட்டிவிட்டு நியமனக் கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"நீங்கள் அந்தக் கட்சியில இருந்தனீங்களோ? படிவத்தில இல்லை எண்டு எழுதியிருக்கிறியள்" என்று அவர் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

நான் அம்மையாரைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அளவெட்டி வீட்டு வாசல் படலையை யாரோ தட்டுவது போலிருந்தது. "ஓம், இருந்தனான்" என்றேன். "படிவத்தில பொய்தான் எழுதினனான். பயத்தில எழுதினது. கட்சியை விரும்பிச் சேரேல்ல. வேலைக்குத்தான் சேர்ந்தனான்."

அவர் அதை ஆங்கிலத்தில் 'நான்' என்றே சொன்னார். நான் சேர்ந்தேன், நான் பொய் எழுதினேன், எனக்குப் பயம். அதுதான் அவர்கள் தொழில் முறை என்று எனக்குத் தெரியாது. அவரே ஒப்புக்கொள்வது போலிருந்தது.

பிறகு அந்தக் கட்சியின் கதையை ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். எழுபத்தேழில் ஆறில் ஐந்து பங்கு இடங்களோடு வந்தது, அரசியலமைப்பை மாற்றியது, தேர்தலுக்குப் பதில் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தித் தன் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது, எண்பத்து மூன்றில் தமிழர் வீடுகள் எரிந்தபோது கைகட்டி நின்றது என்று தெரிந்ததெல்லாம் சொன்னேன். கடைசியில் அம்மையார், அந்தக் கட்சிதான் தோற்றுவிட்டதே, இனி என்ன பயம் என்றார்.

"கட்சி தோத்திட்டுது. என்ர பேர் எழுதின புத்தகம் எங்கயெண்டு தெரியேல்ல" என்றேன். அதைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

திரும்பும் ரயிலில் அவரைக் காணவில்லை. மல்வேர்ன் வரை ஒவ்வொரு தமிழ் முகத்தையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். இரண்டு மாதத்தில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஆனாலும் அம்மாவின் கடிதம் வரும்போதெல்லாம், பச்சைக் கதை ஊருக்குப் போய்விட்டதோ என்று உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கிழிப்பேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அந்தச் சின்ன ரயில் இப்போது ஓடுவதில்லை, பஸ்தான். பல விசாரணைகள் கணினியிலேயே நடக்கின்றனவாம், அழைப்புக் கடிதத்தை வடிவாகக் கவனித்துப் படியுங்கள். நேரில் என்றால் அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். கொடுக்கும் காகிதம் ஒவ்வொன்றையும் அடிவரி வரை வாசியுங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், நான் சாப்பிடவில்லை.

என் விசாரணைக்கு அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடை. மீன் பகுதியில் நான்கைந்து பேர் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மொழிபெயர்ப்பாளரும் நின்றார். திரும்பி ஓட நினைப்பதற்குள் என்னைக் கண்டுவிட்டார். முதல்தடவை காண்பவர் போலச் சிரித்தார்.

"தம்பி தமிழோ? ஊரில எவடம்?"

அம்மாவின் ஒரு கடிதத்திலும் நான் பயந்த செய்தி வராதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறையில் கேட்டதை அவர் அறையிலேயே விட்டுவிட்டார்.

"அளவெட்டி அண்ணை" என்றேன்.