இரண்டாவது தையல் மெஷின்

புது யூனிஃபார்ம் துணியின் கஞ்சி வாசனையும் மெஷின் எண்ணெயும் கலந்து அடித்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, ஏனென்றால் பாலக்கரையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மா இரண்டாவது தையல் மெஷின் வாங்கிப் போட்ட வருஷம் முழுக்க அந்த வாசனைதான். அப்பா போன பிறகு விதவைப் பென்ஷனையும் ஒரு மெஷினையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவள், ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர் ஒருவர் பள்ளி யூனிஃபார்ம் ஆர்டர் தருவதாகச் சொன்னதும் காதுத் தோட்டை விற்று அதை வாங்கினாள். பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவும் கூட உட்கார்ந்து தைத்தால், தில்லை நகரில் பாத்திரம் தேய்க்கும் வேலையை அவர் விட்டுவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பென்ஷன், ரேஷன் கார்டு சரிபார்க்க 'ஆபீசர் வரார்' என்று சேதி வந்தால் எங்கள் தெருவில் மிக்ஸி கட்டிலுக்கடியில் போகும், டிவி ஆட்டோவில் ஏறித் தென்னூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். ஏழை என்று காட்டிக்கொள்ள அவ்வளவு பாடு! "மெஷின எங்க வீட்டுல தள்ளிடலாம்க்கா," என்றார் பாத்திமா அக்கா. "நான் என்ன திருடியா வச்சிருக்கேன்?" என்ற அம்மா, மெஷினுக்குப் பூ வைத்து, "வாங்க சார், இது ரெண்டாவது மெஷின்," என்று வாயெல்லாம் பல்லாகக் காட்டினாள். "வசதியாத்தான் இருக்கீங்கம்மா," என்று சொல்லிவிட்டு, அவள் போட்ட காபியையும் குடித்துவிட்டுப் போனார் அந்த மனுஷன்.

பென்ஷன் நின்றது. பின்னாலேயே கரண்ட் ஆபீஸ்காரர் வந்து, இரண்டு மெஷினும் கூலி ஆளும் இருந்தால் இது வீடில்லை, தொழில் நடக்கும் இடம் என்று சொல்லிக் கரண்டுக்குக் கடை ரேட்டு போட்டார். தைத்துக் கொடுத்து வெகுநாள் கழித்துத்தான் கடைக்காரர் காசு தருவார்; அதுவரை தாக்குப்பிடிக்க முடியாமல் அம்மா அந்த மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட, பாத்திமா அக்கா மறுபடியும் பாத்திரம் தேய்க்கப் போனார். அதன் பிறகு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதில், பென்ஷன் திரும்பி வந்தது. அட பாவிகளா, எழுந்து நிற்கிறவளைத் தள்ளிவிட்டு, விழுந்து கிடந்தால் மட்டும் கஞ்சி ஊற்றுவதற்குப் பெயர் உதவியா?

இன்று மேடைக்கு மேடை 'வளர்ச்சி' என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். போன மாதம் நான் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினின் அட்டைப் பெட்டியை அம்மா இன்னும் பிரிக்கவில்லை, போர்வையைக் கையால் கும்மிக்கொண்டே, "யாராவது வந்து பாத்தா என்னடி சொல்றது?" என்கிறாள். ஆபீசரை நிமிர்ந்து நின்று வரவேற்ற என் அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.