இஞ்சினை நிறுத்தச் சொல்லும் மணி

அண்ணனுக்குக் கருமாதி முடிந்த மறுவாரம் எங்கள் ரைஸ்மில்லில் ஒரு மணி கட்டினார்கள். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை அடிக்கலாம், அடித்தால் டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். எங்கள் சங்கமும் மேனேஜரும் உட்கார்ந்து பேசி அப்படி ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் பெல்ட்டில் சிக்கிச் செத்தான். ஓடும்போது பெல்ட்டு சக்கரத்தை விட்டு நழுவினால், எங்கள் மில்லில் இஞ்சினை நிறுத்துவது கிடையாது. நிறுத்தினால் மறுபடி கிளப்ப அதன் தலையை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும், அரவை அதுவரை சும்மா கிடக்கும். அதனால் சக்கரம் சுற்றச் சுற்றவே ஒரு ஆள் குச்சியை வைத்துப் பெல்ட்டைத் தள்ளி ஏற்றுவான். அண்ணன் அதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தான். அன்றைக்கு அவன் தோளில் கிடந்த துண்டு உள்ளே போனது, அவனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் பத்தடி தள்ளி அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

வாரம் ஒரு தடவை மில் தரப்பில் மேனேஜரும் டிரைவரும், சங்கத்தில் இரண்டு பேரும் கூடிப் பேசுவது என்று ஏற்பாடானது. சங்கத்துக்கு, மூட்டை தூக்கும், எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் தலைவர். கூட ஒரு ஆள் வேண்டும் என்றதும் என்னைக் கைகாட்டினார். செத்தவன் தங்கச்சியை முன்னால் உட்கார வைத்துத் தன் காரியத்தைச் சாதிக்கப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மேனேஜர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது அதைவிட உறுத்தியது.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எம்புள்ளய முழுங்குன எடத்துல ஒக்காந்து நீ காப்பி குடிக்கப் போறியாக்கும்?"

கூட்டத்தில் கொடுத்த காப்பியை நான் தொடவில்லை. சித்தப்பா குடித்தார். அதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மணியை மேனேஜர் வெள்ளிக்கிழமையன்று பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சன்னதியில் வைத்து எடுத்துவந்தார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் சாத்தி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, இஞ்சின் ரூமுக்கு வெளியே கட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அன்றோடு சரி, அதை எவரும் தொடவில்லை. அது சாமி மணியாகிவிட்டது.

அதற்குப் பிறகும் பெல்ட்டு நழுவியது. அண்ணன் இடத்துக்கு வந்திருந்த பையன் ஓடுகிற சக்கரத்தில் குச்சியை வைத்து ஏற்றினான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மணி மாலையோடு தொங்கியது. மேனேஜர் திட்டம் போட்டுத்தான் இப்படிச் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

மணி இருந்தும் ஏன் இஞ்சின் நிற்கவில்லை என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுவிட்டேன்.

"மணி கட்டியாச்சுல்ல? அடிக்காதது எங்க குத்தமா?" என்றார் மேனேஜர்.

"கருவாட்டுச் சோறு தின்ன கையால சாமி மணிய எவன் தொடுவான்? வீட்டுக்குத் தூரமா இருக்கிறவ அங்குட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. இதெல்லாம் தெரிஞ்சுதான கட்டுனீக?"

"ஏத்தா, மெதுவாப் பேசு" என்றார் சித்தப்பா.

"கிறுக்குப் புள்ள! ஒரு உசுரு போன எடம். பூசை போடாம எதக் கட்டச் சொல்ற? சங்கத்துக்காரன் கைல மணியக் குடுத்தா இஞ்சின் ஓடுனாப்புலதான்னு ரெங்கூன்லருந்து மொதலாளி கடுதாசில வையிறாக. எம்பாடு எனக்கு."

மேனேஜர் முகத்தையே பார்த்தேன். நிஜமாகப் பயந்து பூசை போட்டாரா, தெரிந்தே செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

டிரைவர் குறுக்கிட்டார். "ரயிலுக்கு ரோடு போட்டப்ப மிஞ்சுன தண்டவாளத் துண்டு ஒண்ணு என்கிட்டக் கெடக்கு. அதத் தொங்கவிடுவோம். அது வெறும் இரும்பு."

"பொட்டு வைக்கக் கூடாது" என்றேன்.

"ஆயுத பூசைக்குமா?" என்றார் டிரைவர்.

"ஆயுத பூசைக்கும்தான்."

"அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டுருவோமா?" என்று சித்தப்பா சிரித்தார். மேனேஜருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

"சரி. வேலைக்குக் கள்ளம் பண்ணச் சும்மா அடிச்சா?" என்று மேனேஜர் கேட்டார்.

"அப்புடி அடிக்கிறவன நாங்களே வெளியேத்துறோம். ஆனா எதுக்கு அடிச்சான்னு நாலு பேருமா ஒக்காந்துதான் விசாரிக்கணும். நீங்களா முடிவு பண்ணக் கூடாது" என்றார் சித்தப்பா. மேனேஜர் சரி என்றார். சித்தப்பாவை அன்றைக்குத்தான் கொஞ்சம் நம்பினேன்.

சாமி மணி கோயிலுக்குப் போனது. தண்டவாளத் துண்டு தொங்கியது. புடைக்கிற பெண்கள் அதையும் நம்பவில்லை.

"மொத அடி அடிக்கிறவளுக்கு மறுநா வேலை இருக்காது பாரு."

"அதுக்குத்தான் கட்டிருக்காக. யாரு துள்றான்னு பாக்க."

ஒரு மத்தியானம் பெல்ட்டு நழுவியது. அந்தப் பையன் வழக்கம்போலக் குச்சியை எடுத்தான். தோளில் துண்டு. நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி, கம்பியால் தண்டவாளத்தை அடித்தேன். டிரைவர் என்னைப் பார்த்தார், பிறகு மேனேஜர் ரூம் வாசலைப் பார்த்தார். மேனேஜர் அங்கே நின்றார். ஓட்டு என்று அவர் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். சொன்னதும் கேட்க வேண்டியதெல்லாம் வாயில் தயாராக இருந்தது.

"என்னய்யா என் மூஞ்சியப் பாக்குற? நிறுத்து" என்றார் அவர்.

சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. பையன் பக்கத்தில் நின்றவனோடு ஏதோ பேசிக்கொண்டே வெறும் கையால் பெல்ட்டை மாட்டினான். டிரைவர் ஊதுவிளக்கைப் பற்றவைத்தார். அவ்வளவுதான். நான் தவிட்டுக் குவியல் பக்கம் உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

"அதான் நின்னுருச்சே. இப்ப எதுக்குடி அழுகுற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நின்னுருச்சுல்ல, அதான்" என்றேன்.

மறுநாள் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். தூக்கவில்லை. மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது, "சாப்டியா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டே புடைத்தேன்.