கழுவிய பாட்டில்

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்ததோ, கிருமி வளரும்வரை காத்திருக்கும் வேலை. அறுபதுகளில் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் உதவியாளனாக இருந்தேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரே அறையில் அண்ணன், மதினி, அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை, நான்.

படித்த கர்வத்தில் சாப்பாட்டு வேளையில் கதையளப்பேன். தன் பல் அழுக்கை லென்ஸில் வைத்துப் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைக் கண்ட டச்சு துணி வியாபாரி. கழுத்து வளைந்த குடுவையில் சாற்றைக் கொதிக்கவைத்து, காற்றுத் தூசி உள்ளே விழாதவரை அது கெடாது என்று காட்டிய பிரெஞ்சுக்காரர். காசநோய்க் கிருமியைப் பிடித்த ஜெர்மன் டாக்டர். அவருடைய ஆய்வுக்கூடத்தில், கிருமி வளர்க்கும் ஜெலட்டின் சூட்டில் உருகித் தொல்லை கொடுத்தது. உடன் வேலை செய்தவரின் மனைவிதான் சமையலுக்குப் போடும் கடல்பாசியைப் பயன்படுத்தச் சொன்னாள் என்றேன். மதினி சிரித்துவிட்டாள். "எங்க சுத்துனாலும் கடைசில அடுப்பங்கரைக்குத்தான வரணும்."

அந்தக் காசநோய்க் கிருமி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டதோ என்ற பயம் அண்ணனின் இருமலோடு வந்தது. தாராவித் தோல் பட்டறையில் அவனுக்கு வேலை; ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை. சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. வளர்த்துப் பார்த்தால்தான் நிச்சயம், ஆறு வாரமாகும் என்றார்கள். அதுவரை குழந்தையைத் தள்ளிப் படுக்கவைக்கச் சொன்னேன். நோயென்று தெரியாமல் பிள்ளையை ஏன் பிரிக்க வேண்டும் என்று அண்ணன் மறுத்துவிட்டான். அவன் நெஞ்சில் சாய்ந்தால்தான் அது தூங்கும்.

லேபிலிருந்து கிருமி நீக்கிய பாட்டில் கொண்டுவந்து கொடுத்து, காலையில் வரும் முதல் சளியை அதில் பிடித்துத் தரச் சொன்னேன். கொண்டுபோய்ச் சேர்த்தபின் இருப்புக் கொள்ளவில்லை. தினம் நாலு தடவை எட்டிப் பார்த்து டெக்னீஷியனிடம் திட்டு வாங்கினேன். ஏழாம் நாள், சளியை வளர்க்க வைத்த கண்ணாடிக் குழாய் முழுக்க வெளியிலிருந்து புகுந்த பச்சைப் பூஞ்சை. அவ்வளவும் வீண்.

சளி பிடிக்குமுன் பாட்டிலை என்ன செய்தீர்கள் என்று வீட்டில் கேட்டேன்.

"கழுவுனேன்," என்றாள் மதினி. "ஆஸ்பத்திரி சாமான், எத்தன பேரு கைபட்டதோ. சாம்பல் போட்டுத் தேச்சு, குழாத் தண்ணில அலசி, வெயில்ல கவுத்தி வச்சேன்."

வெளியிலிருந்து வரும் எந்தப் பாத்திரமும் கழுவாமல் எங்கள் வீட்டுக்குள் புழங்காது. அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் கத்தினேன். அண்டை அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்வரை கத்தினேன்.

மறுபடி ஒரு பாட்டில், மறுபடி ஆறு வாரம். பஸ்ஸில் உட்கார முடியாமல் வேலைக்கு நடந்தே போனேன். குழந்தை தும்மினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் குழாயில் ரவை சிந்தியதுபோல் வெளிர்மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. காசநோய்தான்.

அண்ணனுக்கு ஊசி தொடங்கிய அன்றே, குழந்தையோடு செம்பூரில் இருந்த தன் அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டாள் மதினி. வாசலில் நின்று கேட்டாள்: "அந்தப் பாட்டில நான் கழுவாம இருந்திருந்தா, ஒரு வாரம் முந்தியே தெரிஞ்சிருக்குமா தம்பி?"

"இல்ல மதினி," என்றேன்.

பொய். குழந்தைக்கு எதுவும் வரவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. முந்நூறு வருஷத்துக் கதையெல்லாம் சொன்னவன், கழுவ வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மதினி கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.