மேல்சட்டை இல்லாத தாய்மாமன்

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்துபோன பயணிகளின் குறிப்புகளில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். முத்துக்குளிக்கும் ஆண்கள் இடுப்புத் துணியோடு நிற்பதை ஆச்சரியமாக எழுதியிருக்கிறார்கள். அத்தனை ஆண்களில் ஒருவருக்காவது என்னைப் போல மார்பு பெருத்திருந்திருக்கும். அதை யாரும் எழுதவில்லை. நான் எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தொடங்கியது ஒன்பதாம் வகுப்பில், அரைப் பரீட்சை விடுமுறையில். காம்புகளுக்குப் பின்னால் புளியங்கொட்டை போல ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. சட்டை உரசினால் வலித்தது. அடுத்த ஆனி மாதத்துக்குள் வெளியே தெரிய ஆரம்பித்தது. உடன்குடியில் அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. கொழுப்பு என்று அவரே முடிவுகட்டி, லோடு வரும்போதெல்லாம் என்னை மூட்டை தூக்கவிட்டார். அம்மா பிராய்லர் கோழியை நிறுத்தினாள். தோள் அகன்றது. மார்பு அப்படியே இருந்தது.

பிறகு மறைப்பதே வேலையாயிற்று. இரண்டு பனியன், மேலே கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கொஞ்சம் கூனல். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் சேர்ந்த பிறகும், சித்திரை வெயிலில் கன்டெய்னர்களுக்கு நடுவே அப்படித்தான் நின்றேன். குடும்பத்தோடு திருச்செந்தூர் போனால் வெளியிலேயே செருப்புக்குக் காவல் இருப்பேன். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் அந்தக் காவலுக்கு முடிவு வந்தது. எங்கள் வழக்கத்தில் முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்கும். அவளுக்கு நான் ஒரே தம்பி. விசேஷம் திருச்செந்தூரில் என்று முடிவானபோது அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, தப்பா நெனைக்காத. ஒங்க பெரியப்பா மவன் இருக்காம்லா, அவன் மடியில வச்சு நடத்திருவோம். அவனும் மாமந்தான? எங்க ஆளுக வாயி ஒனக்குத் தெரியாதா."

"யோசிச்சுச் சொல்லுதேன் அத்தான்" என்றேன். இந்தச் சதைக்காக என் மடியையே இன்னொருவனுக்கு விட்டுக்கொடுப்பதா?

மறுநாள் தூத்துக்குடியில் ஒரு மருத்துவரிடம் போனேன். அத்தனை வருடங்களில் அதுதான் முதல் முறை. விசேஷத்துக்கு முன்னால் அறுத்துவிட முடியுமா என்று கேட்கத்தான் போனேன். அவர் அழுத்திப் பார்த்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஜிம் பவுடர் உண்டா என்று விசாரித்தார், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். முடிவுகள் வந்ததும் சொன்னார்:

"இது வெறும் கொழுப்பு இல்ல தம்பி, சுரப்பித் திசு. வயசுக்கு வர்ற நேரத்துல நெறைய பசங்களுக்கு வரும், பெரும்பாலும் தானா வத்திரும். ஒங்களுக்கு வத்தாம நின்னுபோச்சு. ஹார்மோன் எல்லாம் சரியா இருக்கு. இனி மாத்திரைக்குக் கேக்காது. ஆபத்தும் இல்ல. வேணும்னா ஆபரேஷன் பண்ணலாம், வேண்டாம்னா விட்டுரலாம். யாருக்காகப் பண்ணணும்னு கேக்கீங்க?"

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது கோபம் வந்தது. என் அக்கா பிள்ளையை மடியில் வைக்க நான் கத்திக்குப் போய்விட்டு வர வேண்டுமா? அத்தானை அழைத்து, "நாந்தான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பங்குனியில் விசேஷம். மொட்டை போடும் மண்டபத்தில் அக்கா ஒரு பெரிய துண்டை நீட்டினாள். "இதப் போத்திக்கலே, ஒருத்தரும் பாக்க மாட்டாவ." சட்டையைக் கழற்றிவிட்டுப் போர்த்திக்கொண்டேன். தண்ணீர் தலையில் பட்டதும் பிள்ளை வீறிட்டான். அத்தானின் சித்தப்பா கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார்.

"ஏலே மாப்ள, துண்டுக்குள்ள என்னத்தப் பொத்தி வச்சிருக்க? புள்ள அழுவுதாம்லா, பால் குடுத்துப் பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தலை குனிந்தாள். நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். சாமிக்கு முன்னால் துண்டு தோளில் இருக்கக் கூடாது, இடுப்பில்தான் இருக்க வேண்டும். அக்காவும் நானும் இதை எப்படி மறந்தோம் என்று தெரியவில்லை.

"வந்தா குடுக்கத்தான் செய்வேன் மாமா. ஒங்களுக்கும் வேணும்னா வரிசையில நில்லுங்க. புள்ளதான் மொத."

இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. மொட்டை போடுகிறவர் சிரித்து முடிக்கும்வரை கத்தியைத் தூக்கியே பிடித்திருந்தார். காதுகுத்தும் முடிந்து சன்னதி வரிசையில் நின்றபோது, அத்தான் கையை நீட்டினார். "எங்கிட்ட குடு மாப்ள, பாரமா இருக்கும்."

"மாமன் நான் இருக்கேன்லா அத்தான்" என்று நானே கொண்டுபோனேன். சந்தனம் பூசிய தலை என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆவணியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தேன். அம்மாவுக்குப் புரியவில்லை.

"எல்லாரும் பாத்தாச்சே, இனி எதுக்குலே கத்தி வைக்க?"

"பாத்தாச்சுல்லாம்மா. இனி யாருக்காகவோ பண்ணுதேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. உரசுனா வலிக்கி, அதான்."

விடுப்புக் கடிதத்தில் "மார்பக அறுவை சிகிச்சை" என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல்னு போட்டாப் போதாதா தம்பி? ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும் சார்" என்றேன்.