தாண்டிப் படித்த மழை

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு வாடை உண்டு. புளிப்பும் துருவும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறினால் சாயங்காலம் வரை இறங்காது. இப்போதும் பழைய புத்தகம் எதையாவது விரித்து முகத்தருகே கொண்டுபோனால், தாளின் வாசனைக்கு முன்னால் எனக்கு அந்தப் பசைதான் மணக்கிறது. நான் புத்தகம் படிக்கப் பழகியது கோவில்பட்டியில், தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து.

எங்கள் தெருவில் சண்முகத்தாய் அத்தை வீட்டு முன்னறை கொஞ்சம் விசாலமானது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள், என் அம்மாவும்தான், "ஆபீஸ்" என்று அவர்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வாங்கி வந்த மெல்லிய மரச்சில்லுகளையும் நீலத்தாளையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். சில்லை மடித்து, பசை தடவிய தாளைச் சுற்றி, பெருவிரலால் ஒரு நீவு நீவினால் ஒரு பெட்டி. பழகிய கைக்குக் கண் தேவையில்லை. கண்ணும் காதும் சும்மா கிடந்ததால் அவர்களுக்குக் கதை தேவைப்பட்டது. அவர்களில் ஒருவருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது.

அத்தை மாவு இடிக்கப் போகும் மளிகைக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஒரு தொடர்கதை வந்து சேர்ந்தது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு ஒட்டிய கனத்த புத்தகம். எட்டாம் வகுப்பில் திக்காமல் வாசிக்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்த என்னை அழைத்து நடுவில் உட்கார வைத்தார்கள். நான் படித்தால் அம்மாவுக்குச் சில்லு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அதை ஈடுகட்ட, எழுந்து போகும்போது ஒவ்வொருவரும் தாங்கள் ஒட்டியதில் ஒரு கைப்பிடியை அம்மாவின் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குக் "கதைப்பெட்டி" என்று பெயர். அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாரும் கேட்டதில்லை; போடாமல் போனவர்களும் இல்லை.

கதையில் ஒருவன் கப்பலேறிப் போகிறான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அவன் மனைவி காத்திருக்கிறாள். திரும்புவானா, மாட்டானா என்பதுதான் கதை. அந்த ஊரில் எப்போது பார்த்தாலும் மழை பெய்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு மழை. ஓட்டில் விழுகிற மழை, ஆற்றில் விழுகிற மழை, ஒன்றுமே நடக்காமல் சும்மா பெய்கிற மழை. கப்பல் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் இருந்த எனக்கு அது தொல்லையாக இருந்தது. கண்ணால் துழாவி, மழை தொடங்கும் இடம் வந்தால் சத்தமில்லாமல் தாண்டிவிடுவேன்.

என்னைப் பிடித்தது பேச்சியக்கா. பசுவந்தனையிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அந்தக் கூட்டத்தில் சின்னவள். கல்யாணமான மறுவருஷம் பம்பாய்க்கு வேலைக்குப் போன அவள் புருஷனிடமிருந்து சில மாதம் தபால் வந்து, பிறகு அதுவும் நின்றுபோயிருந்தது. கதையில் கப்பல்காரன் திரும்புகிறானா என்று தினமும் கேட்கிறவள் அவள்தான். ஏன் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

"ஏலே, நில்லு. அவ சேலையப் பிழியுதான்னு படிக்கியே, சேலை எப்பிடி நனைஞ்சது?"

"மழை பெஞ்சிருக்கும்."

"எங்களுக்குத் தெரியாம எப்பம்லே பெஞ்சது?"

அத்தை பசைக்கையால் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நம்ம ஊருக்குத்தான் வர மாட்டேங்கு, புத்தகத்துல வந்த மழையையும் இந்தப் பய முழுங்கிட்டானே!"

அறை முழுக்கச் சிரித்தது. நான் காது சிவக்கத் திரும்பிப் போய் அந்த மழையைப் படித்தேன். முதல் நாலு வரியில் சிரிப்பு அடங்கியது. அடுத்த நாலு வரியில் சில்லு மடங்கும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை கைகளும் மடியில் கிடந்தன. ஒவ்வொரு நிமிஷமும் கூலி என்று இருந்தவர்கள், பசை காய்வது தெரியாமல், சுவரைப் பார்த்தபடி நனைந்துகொண்டிருந்தார்கள். வெளியே புரட்டாசி வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. "இன்னொரு மட்டம் படி" என்று யாரோ சொன்னார்கள். படித்தேன். என் வாயிலிருந்து வருகிற வெறும் சொல் ஒரு அறையையே இப்படி நிறுத்திவிடுகிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்பறைகளில் நின்று பேசிவிட்டேன். அந்த மௌனம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்படிக் கேட்டவர்களுக்கு நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். கதை முடிய இரண்டு அத்தியாயம் மிச்சம் இருந்தபோது எனக்குப் பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. அத்தை வீட்டு மாடப்பிறையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டேன். மீதியைப் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். அதில் கப்பல்காரன் திரும்பி வரவில்லை. பேச்சியக்கா அதைத் தாங்க மாட்டாள் என்றுதான் எடுத்துப் போனேன் என்று பின்னாளில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையில்லை. அவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. கதை எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காலாண்டு விடுமுறைக்கு வகுப்புத் தோழன் ஒருவனோடு ஊருக்கு வந்தபோது பேச்சியக்கா தெருவில் மறித்துக் கேட்டாள். "அந்தப் பொம்பளை வீட்டுக்காரர் வந்தாராலே?" தோழன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "புத்தகம் எங்கேயோ தொலஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். அதற்குப் பிறகு அந்த முன்னறைக்குள் நான் போகவில்லை.

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு, இப்போதெல்லாம் பேசக் கிடைக்கும் தலைப்பு "வாசிப்பு அழிந்துவருகிறதா?" என்பதுதான். ஆமாம், அழிந்துவிட்டது என்று மேடை மேடையாக வருத்தப்பட்டிருக்கிறேன். வீட்டில் சுவர் மறையப் புத்தகங்கள் வைத்திருக்கிற நான், மூன்று பக்கம் தாண்டுவதற்குள் கைபேசியைத் தேடுவதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தபோது பேச்சியக்கா பசுவந்தனையில் இருப்பதாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் என்னோடு ஊர் ஊராக மாறி வந்த அந்தக் காலண்டர் அட்டைப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

காது நன்றாகக் கேட்டது அவளுக்கு. கண்தான் மங்கியிருந்தது. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அக்கா, புத்தகம் தொலையலை. நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"தெரியும்லே" என்றாள், வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே. "நீ லீவுக்கு வந்தன்னைக்கே ஒங்கம்மா டிரங்குப் பெட்டியில பாத்துட்டா. மறுநாளே வந்து, 'எம்புள்ளய யாரும் ஒண்ணும் கேட்டுராதீங்க, மிச்சக் கதைய நான் சொல்லுதேன்'னு நடுவுல ஒக்காந்துட்டா. நாங்க பெட்டி போட்டா வாங்க மாட்டேன்னுட்டா."

என் அம்மா எனக்கு ஒரு கதைகூடச் சொன்னதில்லை. அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"என்ன சொன்னா?"

"அந்த ஆளு திரும்பி வந்துட்டாராம். கதவைத் தட்டுதாராம். வெளிய சரியான மழை. அவ உள்ள இருந்துக்கிட்டே, 'மழை விடட்டும், திறக்கேன்'னாளாம்."

"பிறகு?"

"பிறகு என்ன? ஒங்கம்மா கதையில மழை விடவே இல்லலே!"

அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அன்றைக்கு அந்த அறையும் பசைச்சட்டி கவிழ்கிற அளவுக்குச் சிரித்ததாம். அதோடு நிற்கவில்லை, ஆளுக்கொரு நாள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்களாம், சொன்னவள் கூடையில் கதைப்பெட்டி விழுந்துகொண்டே இருந்ததாம். புத்தகம் போய்விட்டது என்று நான் நினைத்திருந்த அறையில் அதற்குப் பிறகுதான் கதை பெருகியிருக்கிறது.

பிறகு அவளே தொடர்ந்தாள். "அஞ்சாறு வருசம் கழிச்சு எங்க வீட்டு ஆளும் வந்து நின்னாவ, சித்திரை வெயில்ல. கதவைத் தட்டுதாவ. எனக்கு ஒங்கம்மா ஞாவகம் வந்துட்டு. 'மழை விடட்டும், திறக்கேன்'னுட்டேன்."

"எந்த மழை?"

"அதைத்தான் அவியளும் கேட்டாவ."

"விட்டுச்சாக்கா?"

"வந்தாத்தானலே விடுததுக்கு!"

அவர் சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டார். இவள் பசுவந்தனைக்கு வந்து அப்பாவின் கரிசலில் மல்லியும் மிளகாயும் போட்டு இத்தனை காலம் தன் காலில் நின்றிருக்கிறாள். எழுத்தே தெரியாத என் அம்மா, மகன் திருடியதை ஈடுகட்டச் சொன்ன ஒரு கதை ஒரு பெண்ணுடைய வாசல்வரை போய்க் காவலுக்கு நின்றிருக்கிறது.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். "கடைசி ரெண்டு அத்தியாயம் படிக்கட்டுமா?"

"முடிவு என்னத்துக்கு? அதான் ஒங்கம்மா சொல்லிட்டாளே. அந்த மழையைப் படி. தாண்டாம படி."

மரச்சில்லுப் பெட்டிகள் போய் இயந்திரத்தில் மடித்த அட்டைப் பெட்டிகள் வந்துவிட்டன. அத்தை வீட்டு முன்னறையில் இப்போது கைபேசி பழுதுபார்க்கிற கடை. பசை வாடையும் இல்லை, அந்தப் பெண்களில் மற்றவர்கள் யாரும் இல்லை. இனி புத்தகத்தை யார் ரசிக்கிறார்கள் என்று எந்த மேடையிலும் நான் கேட்கப் போவதில்லை. ரசித்தவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனவன் அதைக் கேட்கக் கூடாது.

நூல் தளர்ந்த பக்கங்களைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். பேச்சியக்கா சுவரில் சாய்ந்து கேட்டாள். மடியில் அவள் விரல்கள் தாமாகவே எதையோ மடித்து, சுற்றி, பெருவிரலால் நீவிக்கொண்டிருந்தன. மழை தொடங்கும் வரி வந்தது. விரல்கள் நின்றன.