அக்காவுக்கு இழுப்பு இருந்தது

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. படையலுக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர் அனைவரையும் தங்கையாகிய நான் வணங்குகிறேன். இந்த நினைவு மலரில் எல்லோரும் அக்காவின் பொறுமையைப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமையின் மேல்தான் கோபம்.

அக்கா பிறந்தது சூளகிரிப் பக்கம், தக்காளித் தோட்டத்து வீட்டில். சிறு வயதிலிருந்தே அவருக்கு இழுப்பு. பனிக்காலத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அப்படியும் டிப்ளமோ முடித்து ஓசூர் கம்பெனியில் சேர்ந்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவரே. பூச்சிமருந்து அடிக்கும் நாளில் என்னைத் தோட்டத்துப் பக்கமே விடமாட்டார்.

தளியில் சம்பந்தம் பேசியபோது அம்மா சொன்னார்: "இழுப்புன்னு வாயத் தொறந்த, அவ்ளோதான். ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான்." அக்கா வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இன்ஹேலரைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துவைத்து, கம்பெனிக் கழிவறைக்குள் போய் உறிஞ்சினார். திருட்டுப் பொருளா அது? மருந்துதானே!

கர்ப்பமானதும் அதையும் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார். "வயித்துப் புள்ளைக்கு ஆகாதுடி." எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பில் சாம்பிராணிப் புகை வீட்டை அடைத்தது. அக்கா மூச்சுக்குத் தவித்தார். "புள்ள மேல ஏறி அழுத்துது, வேறென்ன" என்று பெரியம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்று மாலையே ஆம்புலன்ஸ் வந்தது.

"இதுக்கு முன்னாடி வீசிங், இழுப்பு ஏதாச்சும் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் அக்காவின் மாமியார் நின்றிருந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அம்மா. பேச முடியாத அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாமியார் அந்தப் பக்கம் போன பிறகுதான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை அடிக்காத குறை. "இன்ஹேலர நிறுத்துனதுதாம்மா தப்பு. தாய்க்கே மூச்சு இல்லன்னா புள்ளைக்கு எங்கிருந்து வரும்?" அவசரமாகக் குழந்தையை வெளியே எடுத்தார்கள். மறுநாள் அக்கா போய்விட்டார்.

விதியாம்! விதியின் தலையில் போடாதீர்கள். நாம்தான் செய்தோம். நானும்தான்.

நுரையீரல் முற்றாமல் பிறந்த மகனுக்கு மெஷின்தான் மூச்சுக் கொடுத்தது. குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு உண்டா என்று குழந்தைகள் வார்டிலும் கேட்டார்கள். "யாருக்கும் இல்லீங்க" என்றார் அக்காவின் கணவரான மாமா. அவருக்குத் தெரியாது! நான் சொன்னேன். மாமா என்னிடம் கேட்டார்: "ஏம்மா என்கிட்ட சொல்லல? தள்ளியா வெச்சிருப்பேன்?"

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், கன்னடமும் தமிழும் கலந்து எங்களுக்குத் தைரியம் சொன்ன நர்ஸ் அம்மாவுக்கும், பேரனை இன்று நெஞ்சில் போட்டு வளர்க்கும் அக்காவின் மாமியாருக்கும் எங்கள் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மா படித்தார். "அந்த இழுப்பு விஷயத்த எடுத்துடுடி. ஆவணியில உன்னப் பொண்ணு பாக்க வர்றாங்க."

எடுக்கவில்லை. எனக்கும் இழுப்பு உண்டு. இன்ஹேலர் என் கைப்பையில் மேலாகவே இருக்கிறது. இதைப் படித்துவிட்டும் வருகிறவர்களுக்கு, இப்போதே என் நன்றி.