கேப்டன் கேட்ட நான்கு நாள்

அமெரிக்கா புது நாடாக இருந்த காலத்தில், அதன் ஊர்ப்படை அதிகாரிகள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேர்ப்பது தொழிலல்ல. தொழிலுக்கு நடுவே வரும் வியாதி. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் லைன் சூப்பர்வைசர். தபால்தலை, பழைய நாணயம், தீப்பெட்டி அட்டை என்று எதையாவது சேர்த்து வீட்டில் திட்டு வாங்கும் சக நோயாளிகளுக்காக இதை எழுதுகிறேன். ஊர்ப்படை என்றால் உழவர்கள்தான். கூப்பிட்டால் துப்பாக்கியோடு வருவார்கள். அவர்களுடைய கேப்டன்களை யாருக்கும் தெரியாது. அதனால் ஏலத்தில் போட்டி இல்லை, எனக்கும் சிக்கும்.

அப்படி ஏலத்தில் எடுத்த ஒரு கேப்டனின் கடிதம் தபாலில் வந்த வாரம் தனசேகர் மூன்று நாள் லீவு கேட்டிருந்தார். மண்ணூர்க்காரர், பிரஸ் மெஷின் ஆபரேட்டர். திங்களன்று அறுவடை மெஷின் அவர் வயலுக்கு வருகிறது. அவரை விட்டால் பார்க்க ஆளில்லை. போன வருடம் நான் லீவு தரவில்லை. மழையில் நெல் சாய்ந்து முளைத்துவிட்டது.

கேட்டில்

மனைவிக்குத் தெரியக்கூடாதென்று தொழிற்சாலை முகவரியைக் கொடுத்திருந்தேன். அது என் புத்தி. செக்யூரிட்டி ஏழுமலை உறையைப் பிரித்து, இருநூறு வருடத்துக்கு மேல் பழசான தாளை எடுத்து, வழக்கம்போல ‘உள்வரவு’ சீலை ஓங்கிக் குத்திவிட்டார். ஊதா மை, கேப்டன் கையெழுத்துக்கு அரை அங்குலம் கீழே. கையெழுத்து தப்பியதே என்று மகிழ்வதா, அழுவதா என்று நின்றேன். என் முகம் அவருக்குப் புரியவில்லை.

“உள்ள வர்ற எந்தப் பேப்பரா இருந்தாலும் சீல் வெக்கணும் சார். அடில எடம் காலியா இருந்துச்சு, நீட்டாதான் வெச்சிகீறேன்.”

வீட்டில்

சீல் வாங்கிய பிறகு மறைத்து என்ன பயன்? குன்றத்தூர் வீட்டில் மனைவி கலைவாணிக்கே படித்துக் காட்டினேன். கேப்டன் மேலதிகாரிக்கு எழுதுகிறார்: ஆட்களின் கோதுமை விளைந்து நிற்கிறது, நான்கு நாள் விட்டால் அறுத்துவிட்டு வருவார்கள், விடாவிட்டாலும் போய்விடுவார்கள், ஆகவே விடும்படி பணிவுடன் கேட்கிறேன். ‘வரலாறே பேசுகிறது’ என்று முடித்தேன்.

“லீவு லெட்டர்தானேங்க? இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவணுமா? உங்க ஃபேக்டரி டிராயர இழுத்தா இதுமாதிரி அம்பது கெடக்குமே.”

டீ இடைவேளையில்

மறுநாள் தனசேகர் வந்து, லீவு என்ன ஆயிற்று என்றார். ‘மேலே ஒத்துக்க மாட்டாங்க’ என்றேன். வாயில் தானாக வரும் வாக்கியம். பேச்சை மாற்ற, செல்போனில் கடிதத்தின் படத்தைக் காட்டி விளக்கினேன். அவரும் உழவர், ரசிப்பார் என்று நினைத்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, அந்த ஆட்களுக்கு லீவு கிடைத்ததா என்றார். பதில் கடிதம் யாரிடமும் இல்லை, தெரியாது என்றேன்.

“கெடச்சுதோ இல்லியோ, அந்த ஆளு மேல கேட்டுகீறாரு சார். நீங்க எனக்காக யார்கிட்ட கேட்டீங்க?”

மேனேஜர் அறையில்

யாரிடமும் கேட்டதில்லை. போன வருடமும் கேட்கவில்லை. கேட்டால், ஆட்களைச் சமாளிக்கத் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு உற்பத்தி இலக்கு என்று பெயர் வைத்திருந்தேன். மேனேஜர் திருநெல்வேலிக்காரர், என் மகன் வயது. பெரிய பேச்சாகத் தயார் செய்துகொண்டு போனேன். முதல் வரியிலேயே கை காட்டி நிறுத்தினார்.

“மூணு நாள்தான சார், போய்ட்டு வரட்டும், ஆள மாத்திப் போட்டுக்கலாம். போன வருசம் அவரு நெல்லு போச்சுன்னாங்களே, அப்பமே கேட்டிருக்கலாம்லா?”

மையும் தாளும் கையெழுத்தும் அசல்தானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எங்கள் கூட்டத்துக்கு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.